செட்டிநாட்டில் குடியிருப்பும் பொது இடமும்: ஆர்க்கிடெக்சர் மாணவருக்கு முழு வழிகாட்டி

ஸ்டுடியோவில் ‘சைட் செட்டிநாடு’ என்று அறிவித்ததும் பெரும்பாலான ஷீட்டுகளில் முதலில் முளைப்பது முகப்பு. இரண்டிரண்டாகத் தூண்கள், மேலே கஜலட்சுமி சுதை, தரையில் ஆத்தங்குடிப் பூக்கல் என்ற கையால் செய்த சிமென்ட் தரை ஓடு. ஜூரியில், அதாவது டிசைனை மதிப்பிடும் குழுவில், ஒருவர் “இதில் யார் குடியிருக்கிறார்கள்?” என்று கேட்டால் அதோடு சரி, பேச்சு நின்றுவிடும்.

செட்டிநாட்டு வீட்டை அரண்மனையாகப் பார்ப்பதால் வரும் வினை இது. உண்மையில் அது ஒரு கூட்டுக் குடியிருப்பு. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள், தனித்தனி உலை, பொதுவான முற்றம், மழைநீர் வெளியேற ஒரு வழி. அதே கணக்கு தெருவைத் தாண்டி ஊருணி வரை போகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு சுதைச் சிற்பம்கூட இல்லாமல் செட்டிநாட்டு டிசைன் செய்யலாம். நாலாம், ஐந்தாம் ஆண்டு ஸ்டுடியோவையும் தீசிஸையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு அளவெடுக்கும் பகுதி மட்டும் போதும்.

படி 1: எந்த ஊர்?

செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் சிதறிக் கிடக்கும் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றன. ஊருக்கு ஊர் பிரச்சினை வேறு என்பதால், சைட்டை முடிவு செய்யும்போதே பாதி டிசைன் முடிவாகிவிடுகிறது.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. அழகப்பா பல்கலைக்கழகமும், 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இருப்பதால் வாடகை வீட்டுக்குத் தேவை உண்டு, நெரிசலும் உண்டு. 1941-இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீடு நிற்பதும் இந்த நெரிசலுக்குள்தான். கானாடுகாத்தானில் நேர்மாறு: 1912-இல் கட்டிய அரண்மனையைப் பார்க்க வண்டிகள் வரும், பக்கத்துத் தெருவில் பூட்டிய கதவுகள் வரிசையாக இருக்கும். ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறைகள், அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள். நாட்டரசன்கோட்டையில் கோயில் திடலும் திருவிழாவும்.

என்னைக் கேட்டால், கானாடுகாத்தானைக் கொஞ்ச காலம் விட்டுவைக்கலாம். ஹெரிட்டேஜ் ஹோட்டல் என்ற ஒரே பதிலுக்கு அந்த ஊர் மாணவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. குடியிருப்புக்குக் காரைக்குடியும் ஆத்தங்குடியும், பொது இடத்துக்கு நாட்டரசன்கோட்டையும் கேள்விகள் நிறைந்த ஊர்கள்.

எந்த ஊரானாலும் இரண்டு பருவத்தில் போய்ப் பாருங்கள்: சித்திரை வெயிலில் ஒரு நண்பகல், ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை நாள். இரண்டாவதைப் பார்க்காமல் முற்றம் வரைந்தால் அது வெறும் ஓட்டையாகத்தான் இருக்கும்.

படி 2: யாருக்கு வீடு?

‘உள்ளூர் மக்களுக்காக’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒரு தரப்பைப் பிடியுங்கள். ஆத்தங்குடியில் பட்டறைத் தொழிலாளர்களுக்கு வேலையும் வீடும் சேர்ந்த குடியிருப்பு கேட்கலாம். பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாமல், ஊரையும் விட மனமில்லாமல் இருக்கும் முதியவர்களுக்குச் சிறு வீடுகள் கேட்கலாம். காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவர், செவிலியர், கடைப் பணியாளர் ஆகியோருக்கு வாடகை வீடுகள் கேட்கலாம்.

தரப்பு முடிவானதும் அளவுக்கு வாருங்கள். நகர்ப்புற பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீடு 30 முதல் 45 சதுர மீட்டர் வரை கார்பெட் பரப்பு (சுவருக்குள் புழங்கும் தரை). தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு குறைந்தது 360 சதுர அடி. இந்த இரண்டையும் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு தொடங்கினால், 90 சதுர மீட்டர் வீட்டை ‘ஏழைகளுக்கான வீடு’ என்று காட்டி ஜூரியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு. 1,500 சதுர மீட்டர் மனை, 24 வீடுகள், வீட்டுக்கு 40 சதுர மீட்டர்: மொத்தம் 960. நடை, படிக்கட்டு, சுவருக்கு 25 சதவீதம் சேர்த்தால் 1,200. இரண்டு தளமாக்கினால் தரையில் 600, அதாவது மனையில் 40 சதவீதம். மிச்சம் 900 சதுர மீட்டர் திறந்தவெளி. அந்த 900-ஐ எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதுதான் உங்கள் டிசைன். முழுவதையும் சுற்றுச்சுவருக்கும் காருக்கும் கொடுத்துவிட்டு நடுவில் மூன்று மீட்டர் முற்றம் விடுவதும் நடக்கிறது. அதற்குச் செட்டிநாடு வரை வந்திருக்க வேண்டாம்.

படி 3: ஒரு வீட்டை முழுதாக அளப்பது

பத்து வீட்டைப் போட்டோ எடுப்பதைவிட ஒரு வீட்டை அளப்பது மேல். அனுமதிதான் முதல் வேலை. பெரும்பாலான வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் இருப்பார். சாவி வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்கும், ஆனால் முடிவு அவர் கையில் இருக்காது. கல்லூரிக் கடிதத்தோடு போங்கள், பங்காளி ஒருவரிடம் போனில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வீட்டில் ஆச்சி யாராவது இருந்தால் முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் டேப்பை எடுக்க வேண்டும். “எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார், பொறுமையாகச் சொல்லுங்கள். சாமி அறைக்குள் நுழையாதீர்கள். பூட்டிய அறையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வீட்டின் வரிசை பொதுவாக இப்படிப் போகும். தெருவில் முகப்பு, திண்ணை, கனத்த நிலைக்கதவு. அதைத் தாண்டினால் வளவு: நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசையோடு தாழ்வாரம், இரு பக்கமும் அறைகள். அடுத்து இரண்டாங்கட்டு, பிறகு அடுப்படி இருக்கும் கட்டு, கடைசியில் பின்வாசல். பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் எல்லாக் கதவுகளையும் ஊடுருவிப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த நேர்கோட்டில் டேப்பை விரித்து ஒவ்வொரு வாசலின் அகலம், உயரம், வாசற்படியின் ஏற்றம், அங்கே விழும் வெளிச்சம் நான்கையும் குறித்துக்கொண்டே போங்கள். வீட்டை நீளவாக்கில் வெட்டிக் காட்டும் செக்‌ஷனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு கோட்டில் கிடைத்துவிடும்.

வளவு அறைகளில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தார் குடும்பத்தில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் கணக்கும் ஊர்க் கணக்கும் புள்ளி வைத்துத்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ வழக்கம்; அதே வீட்டுக்குள் தனிச் சமையல், தனிச் செலவு. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் அப்படிப் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தவை. இரவில் பெரும்பாலோர் படுத்தது தாழ்வாரத்தில். அறை என்பது பூட்டிவைக்கும் பொருளுக்கும் புதுத் தம்பதிக்கும். ஆகவே அந்த அறைகளின் பரப்பை மட்டும் அளந்து ‘சின்னதாக இருக்கிறது’ என்று எழுதினால் வீட்டைப் படிக்கவில்லை என்று பொருள். ஒரு புள்ளிக்குத் தனியாக எவ்வளவு, எல்லோருக்கும் பொதுவாக எவ்வளவு என்று இரண்டு நிறத்தில் பிளானை நிரப்புங்கள். தீசிஸில் மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கப் போகும் ஷீட் அதுதான்.

அதே பிளானில் இன்னொரு கோடும் வேண்டும். முகப்புப் பக்கம் ஆண்களின் கணக்குவழக்கு, பின்கட்டு பெண்களின் உழைப்பு. வேலைக்காரர்கள் வந்துபோனது எந்த வாசல் வழியாக, எதுவரை உள்ளே வரலாம் என்பதற்கு எழுதாத விதி இருந்தது. விசாரித்துக் குறியுங்கள். பழைய வீட்டின் அடுக்கு முறையை எடுத்துக்கொள்ளும்போது அந்தப் பாகுபாட்டையும் அறியாமல் சேர்த்து எடுத்துவிடக் கூடாது. பின்கட்டில் ஒளிந்திருந்த அடுப்படியைத் தாழ்வாரத்தை ஒட்டிக் கொண்டுவருவது நல்ல தொடக்கம்.

கையில் எடுத்துப்போக: 30 மீட்டர் டேப், லேசர் மீட்டர், தூக்குக்குண்டு, காம்பஸ், கிராஃப் பேப்பர். முற்றத்து வெயிலில் லேசர் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, அந்த அளவுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

படி 4: வெயிலையும் மழையையும் எண்ணாக்குவது

காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து சுமார் 13 டிகிரி வடக்கே சாயும்; டிசம்பர் 21 அன்று தெற்கே சுமார் 33 டிகிரி. இதை முற்றத்தில் போட்டுப் பாருங்கள். தாழ்வாரக் கூரை 4 மீட்டர் உயரம் என்றால், டிசம்பர் நண்பகலில் தெற்குப் பக்க நிழல் முற்றத்துக்குள் சுமார் 2.6 மீட்டர் நீளும். ஜூனில் வடக்குப் பக்க நிழல் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதாவது கோடை நண்பகலில் முற்றம் நிழல் தராது, தாழ்வாரம்தான் தரும். முற்றம் வேலை செய்வது இரவில்: திறந்த வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டு விடியலில் குளிர்ந்திருக்கும். ‘முற்றம் = குளிர்ச்சி’ என்று ஷீட்டில் அம்புக்குறி போடுபவர்கள் இந்த நேரக் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

நிரூபிக்கச் செலவு அதிகமில்லை. விலை குறைந்த நாலு தெர்மாமீட்டர் போதும். தெருவில், திண்ணையில், தாழ்வாரத்தில், உள்ளறையில் தொங்கவிட்டு காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை மணிக்கொரு முறை எழுதுங்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் சன்-பாத் (சூரியன் நகரும் பாதை) படத்தைவிட அந்த நாலு கோட்டு வரைபடத்துக்கு ஜூரியில் மதிப்பு அதிகம்.

மழைக் கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 600 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் கழித்தாலும் 24,000 கையில் நிற்கும். பழைய வீட்டில் கூரை நாலு பக்கமும் முற்றத்துக்குள் சரியும். மூலைத் தூம்பு வழியாக அண்டாவில் நீர் பிடிப்பார்கள், மிச்சம் வடிகால் வழியாகத் தெருவுக்குப் போகும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம் என்பதால் ஒரு குழி வரைந்துவிட்டுக் கைகழுவுவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் தண்ணீர் ஓடும் வழி முழுவதையும் செக்‌ஷனில் காட்டுங்கள்: ஓடு, தூம்பு, முற்றம், வடிகால், தெரு, வரத்துக்கால், ஊருணி.

படி 5: ஊருணியிலிருந்து பொது இடத்தைத் தொடங்குங்கள்

பொது இடம் என்றதும் பிளாசா, ஆம்பிதியேட்டர் என்று போவது ஸ்டுடியோவின் பழக்கம். செட்டிநாட்டு ஊருக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே ஊருணி இருக்கிறது. செம்புறாங்கல் படிக்கட்டு, நீர் உள்ளே வரும் வரத்துக்கால், நிரம்பினால் வெளியேறும் வழி, கரையில் மரம், பக்கத்தில் கோயில் அல்லது பொட்டல். இதில் ஒன்றை அறுத்தாலும் மற்றவை படுத்துவிடும். வரத்துக்காலை அடைத்து வீடு கட்டிவிட்டு ஊருணியைச் சுற்றி நடைபாதையும் கம்பி வேலியும் போட்டு ‘மேம்பாடு’ என்று பலகை வைத்த இடங்களை ஊர் ஊராகப் பார்க்கலாம். தண்ணீர் வராத குளத்தைச் சுற்றி யார் எவ்வளவு நேரம் நடப்பார்கள்?

முதல் வரைபடமாகத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் போடுங்கள். 1:2000-இல் ஊர்ப்படம் எடுத்து, மழை நாளில் நடந்தே குறிக்க வேண்டும். கூகுள் மேப்பில் அந்தக் கால்வாய் தெரியாது. அடுத்து கொள்ளளவு. 40 மீட்டருக்கு 40 மீட்டர், சராசரி ஆழம் 2.5 என்றால் 4,000 கன மீட்டர், 40 லட்சம் லிட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. ஆவியாகும் என்று வைத்தால் தினம் 8,000 லிட்டர் காணாமல் போகும். மேற்குக் கரையில் மரம் நட்டு மாலை வெயிலை மறைப்பதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது. உட்காருபவர்களுக்கு நிழல் அதோடு சேர்ந்து கிடைக்கிறது.

பிறகு ஆட்கள். காலை 6, நண்பகல், மாலை 5, இரவு 8 என நாலு வேளை ஒரே இடத்தில் நின்று, யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு நிறம். இருட்டிய பிறகு ஒரு நிறம் அறவே மறைந்துபோனால், விளக்கும் கடையும் எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும். வயதானவர்களிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: முன்பு எந்த ஊருணியில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது? சாதி வைத்துத்தான் தண்ணீர் பிரித்தார்கள். உங்கள் நடைபாதையும் படித்துறையும் எந்தத் தெருவைத் தொடுகிறது, எதை ஒதுக்குகிறது என்பதை அந்த பதில் தெரிந்த பிறகு வரையுங்கள்.

இங்கே பொது இடத்துக்கு இரண்டு நிலை உண்டு. சாதாரண நாளில் பத்துப் பேர், விழா நாளில் ஆயிரக்கணக்கில். நாட்டரசன்கோட்டையில் பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்பு செவ்வாய்ப் பொங்கல். உலகத்தில் எங்கிருந்தாலும் அந்த ஊர்ப் புள்ளிகள் வந்து, வரிசையாக அடுப்புக் கூட்டிப் பானை வைக்கிறார்கள். முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். மறுநாள் அது வெறும் திடல். அங்கே நிரந்தர மேடையும் வளைவுச் சுவரும் எழுப்பினால் அந்த ஒரு நாளுக்கும் இடைஞ்சல், மிச்ச 364 நாளுக்கும் இடைஞ்சல்.

நான் சொல்வேன், தரையை மட்டும் டிசைன் பண்ணுங்கள். நீர் வடியும் சரிவு, பந்தக்கால் நட மூடிபோட்ட குழிகள் சீரான இடைவெளியில், அவற்றில் சிலவற்றின் அருகே தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும், ஓரமாக உட்காரும் உயரத்தில் ஒரு நீளத் திண்ணை, கழிப்பறை. பந்தல் போடுபவரிடம் போய் கால் எத்தனை அடிக்கு ஒன்று நடுகிறார், கீற்றா தகரமா, கயிறு எங்கே கட்டுகிறார் என்று கேட்டு வாருங்கள். குழியின் இடைவெளி அவர் சொல்லும் அளவிலிருந்து வரட்டும்.

படி 6: வளவைப் பெருக்குவது

இனிதான் பிளான். 24 வீட்டையும் ஒரே முற்றத்தைச் சுற்றி நிறுத்தாதீர்கள். அது ஹாஸ்டல் ஆகிவிடும். ஒரு முற்றத்துக்கு எட்டு வீடு, கீழே நாலு, மேலே நாலு, இப்படி மூன்று வளவு. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா நவி மும்பையின் பேலாப்பூரில் சுமார் 8 மீட்டர் சதுர முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள் என்று கொத்தாக அமைத்து, அப்படி மூன்று கொத்தைச் சேர்த்து அடுத்த பொதுவெளியை உண்டாக்கினார். முகம் தெரிந்த எண்ணிக்கைக்குள் முற்றத்தை வைத்திருப்பதுதான் அங்கே கற்க வேண்டியது. இன்னொரு கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியின் இந்தூர் ஆரண்யா குடியிருப்பு, 1995-இல் ஆகா கான் விருது பெற்றது, வேறொன்றைக் கற்றுத்தரும்: முழு வீட்டையும் கட்டித் தராமல் கழிப்பறை, தண்ணீர் உள்ள ஒரு கருவைக் கொடுத்து, மிச்சத்தைக் குடும்பம் வளர்த்துக்கொள்ள விடுவது. பட்டறைத் தொழிலாளர் குடியிருப்புக்கு அந்த வழி நன்றாகப் பொருந்தும்.

மூன்று வளவையும் பழைய வீட்டுக் கட்டுகளைப் போல ஒரே கோட்டில் நிறுத்தி, தெருவிலிருந்து பின்தெரு வரை ஒரு நடைவழி விடலாம். ஆனால் வாசலுக்கு வாசல் ஒரே நேர்கோட்டில் வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் வீட்டுக்குச் சரி. 24 குடும்பத்துக்குள் அந்நியரின் பார்வை நேராகப் போய் விழும். கோட்டைக் கொஞ்சம் விலக்குங்கள், காற்று வரும், பார்வை தடைபடும்.

இரண்டு இடத்தில் பழசும் விதியும் மோதும். திண்ணை தெருவை ஒட்டி வர வேண்டும் என்பீர்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 முன்னால் இடம் விடச் சொல்லும். அந்தத் தெரு தொடர் கட்டடப் பகுதியாக (கட்டடங்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும் பகுதியாக) அறிவிக்கப்பட்டதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் விடும் இடத்தைச் சுற்றுச்சுவர் போட்டு மறைக்காமல், தெருவோடு சேர்ந்த நிழல் முற்றமாக ஆக்குங்கள். இரண்டாவது, உயரம். அடித்தளம் 75 செ.மீ. உயர்ந்தால் 1:12 சரிவுக்கு 9 மீட்டர் சாய்தளம் வேண்டும், நடுவே நின்று போகும் தளம் தனி. முதியவர் குடியிருப்பில் இதை ஒரு மூலையில் கடைசியாக ஒட்டவே முடியாது. நுழைவே சாய்தளமாக, திண்ணையை ஒட்டி ஏறும்படி முதல் நாளிலேயே வரையுங்கள்.

படி 7: பொருள்

பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள் என்று எழுதாதீர்கள். அவற்றை வாங்க நகரத்தார் பர்மாவில் ஈட்டிய பணம் வந்த வழி இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோதே அடைபட ஆரம்பித்தது. இடித்த வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கின்றன. பயன்படுத்தலாம், ஆனால் உங்கள் டிசைன் இன்னொரு வீட்டை இடிக்கத் தூண்டுமா என்று ஒரு முறை யோசித்துவிட்டு.

ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகடு. கரண்டியால் நிறச் சாந்தை அறை அறையாக ஊற்றுகிறார், வடிவத் தகட்டை ஒரே தூக்காக எடுக்கிறார், நிறங்கள் ஒட்டி நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்ட் மணல், பிறகு ஈரக் கலவை, கரணையால் மட்டம். சூளை கிடையாது, காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது. கண்ணாடி பட்ட பக்கம்தான் அந்தப் பளபளப்பு. இதைப் பார்த்தவர் தொழிலாளர் வீட்டை வரையும்போது நிழலான நீளத் தளம், தொட்டி, மணல் குவிக்க இடம், வண்டி வரும் வழி எல்லாம் தானாக வரும். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று பட்டியல் போடுவதோடு நிறுத்தாமல், எத்தனை பூச்சு, எத்தனை நாள், தெரிந்த கொத்தனார் கிடைப்பாரா என்பதையும் எழுதுங்கள். 24 வீட்டுக்கும் முட்டைப் பூச்சு நடக்காது. தாழ்வாரத்துக்குச் சுண்ணாம்பு, மற்றதுக்குச் சாதாரணப் பூச்சு என்பது ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு.

படி 8: ஷீட்டும் ஜூரியும்

தெருவிலிருந்து பின்தெரு வரை 1:50-இல் ஒரு நீள செக்‌ஷன், ஆட்களோடும் தண்ணீரோடும். அதுதான் மைய ஷீட். 1:500-இல் ஊருணி வரை ஊர்ப்படம், 1:100-இல் பிளான்கள், 1:10-இல் கூரை முற்றத்தைத் தொடும் இடம். மாடலை ஒரு வளவுக்கு மட்டும் பெரிதாகச் செய்து, கூரையைக் கழற்றும்படி வையுங்கள். ரெண்டர் படத்தை மாலைப் பொன்வெயிலில் எடுக்காதீர்கள், நண்பகலில் எடுங்கள். தாழ்வாரம் வேலை செய்வது அப்போதுதான் தெரியும்.

ஜூரியில் மூன்று கேள்வி கட்டாயம் வரும். துணி எங்கே காயும்? முற்றத்தை யார் பெருக்குவார்கள்? பைக் எங்கே நிற்கும்? மூன்றுக்கும் விடை பிளானிலேயே வரைந்திருக்க வேண்டும்; வாயால் சொன்னால் எடுபடாது. “செட்டிநாட்டு அடையாளம் எங்கே?” என்று ஒருவர் கேட்பார். தனி எவ்வளவு, பொது எவ்வளவு என்று இரண்டு நிறத்தில் நிரப்பிய பழைய வீட்டுப் பிளானையும் உங்கள் பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அளந்த வரைபடத்தின் ஒரு ஏ3 பிரிண்டை அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பங்காளிகளிடம் வீட்டின் வரைபடமே இல்லாமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர் போகும்போது கதவு திறக்கவும் அது உதவும்.